ஓட்டை போடாத தரை

புதுப்பட்டினத்தில் கார் வைத்திருப்பவன் முதலில் கடற்காற்றோடுதான் சண்டை போட வேண்டும், சார். புது வண்டியே நாலு மழையில் துருப்பிடித்துவிடும். நானோ அறுபது வருஷத்து வண்டியைப் பொட்டுத் துரு இல்லாமல் வைத்திருந்தேன்.

மதுராந்தகத்தில் ஒரு கோழிக் கொட்டகையில் கிடந்த கார் அது. இரண்டே சீட்டு, பந்தயத்துக்கென்றே செய்த இங்கிலீஷ் வண்டி. பழைய கார்களைச் சரிசெய்வதுதான் என் தொழில் என்றாலும் இதை விற்பதற்காகச் செய்யவில்லை. தரைத் தகடுகூடத் தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய அதே தகடு. இப்படி இன்னொன்று நம் நாட்டில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

என் தங்கச்சி ஜாக்குலினைப் பெண் பார்க்க வந்த ஆல்வின், நகை வேண்டாம், பாத்திரம் வேண்டாம் என்றான். தங்கமான பையன் என்றார்கள் எல்லோரும். பிறகு என் ஷெட்டைக் காட்டி, சீராக அந்தக் காரைக் கொடுத்தால் போதும் என்றான். அப்பா என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தலையாட்டிவிட்டார். கல்யாணத்தன்று தங்கச்சிக்காகச் சாவியைக் கொடுத்தேன்.

மாட்டை அடித்து ஓட்டுவதுபோல்தான் அவன் அதை ஓட்டுவான். போன மாதம் பழைய கார்களுக்கான பந்தயத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றான். விதிப்படி தலைக்குப் பின்னால் இரும்பு வளைவு, தீயணைப்பான், தோளையும் இடுப்பையும் பிடிக்கிற பெல்ட் எல்லாம் வேண்டுமாம். வளைவை மாட்ட, மேற்கூரைக்கென்று இருந்த பழைய துளைகளே போதும். பெல்ட்டுக்குத்தான் தரையில் புதிதாக ஓட்டை போட்டு, அடியில் தகடு வைத்து போல்ட் முடுக்க வேண்டும். அந்தத் தரையில் ஓட்டை போட மாட்டேன் என்றேன்.

“இன்னா மச்சான், தகரத்துல ஓட்ட போட இவ்ளோ பேஜாரு பண்ற? நீ போடலன்னா நானே ட்ரில்ல எட்துக்கினு வரேன்” என்றான்.

தகரம் என்றான், சார்.

சரி, நானே செய்து தருகிறேன் என்றேன். இரண்டு சீட்டின் பெல்ட் கொக்கிகளையும் நல்ல பசையால் தரையில் ஒட்டினேன். போல்ட்டுகளை அறுத்துத் தலையை மட்டும் மேலே வைத்தேன். அடியில் தகடும் நட்டும் ஒட்டினேன். நடுவில் தரை முழுசாக இருந்தது. பரிசோதிக்க வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்தார், பெல்ட்டைக் கையால் இழுத்துப் பார்த்தார், ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்லாதீர்கள். என் வேலை அவ்வளவு சுத்தம்.

பந்தயத்தில் ஆல்வின் இரண்டாவது திருப்பத்திலேயே, ஓரத்தில் டயர்களை அடுக்கியிருந்த சுவரில் மோதினான். கொக்கி பெயர்ந்து, பெல்ட்டும் அவனோடு போனது. ஸ்டியரிங் அவன் நெஞ்சை நொறுக்கியது.

பசை தாங்கும் என்று நம்பித்தான் செய்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். பந்தயத்துக்கு முந்தின நாள், மாமல்லபுரம் வரை ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஆல்வின் கிளம்பினான். ஜாக்குலின் பக்கத்துச் சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நீ எறங்கு” என்றேன்.

“ஏண்ணா? அதான் பெல்ட்டு கீதே. நீ மாட்னதுதான?”

“வூட்ல வேல கீது. எறங்கு.”

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். அவனையும் இறங்கச் சொல்ல வாய் வரவில்லை. வரவில்லை என்ன, சொல்லவில்லை.

மாப்பிள்ளை போய்விட்டால் சீர் பிறந்த வீட்டுக்குத் திரும்பும், அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். முன்பக்கம் நசுங்கியிருக்கிறது, நிமிர்த்திவிடலாம். தரையில் ஒரு கீறல்கூட இல்லை. ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நிற்கிறது, ஒரு தார்ப்பாய் போடச் சொல்லுங்கள்.

ஜாக்குலின் இனி என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்கிறாளாம். அன்றைக்கு அவளை இறக்கிவிட்டது ஏன் என்று நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள், சார். எந்த அண்ணன் தங்கச்சியை இப்படிப் பார்த்துக்கொள்வான்?