குண்டன் இளைத்த ஆறு மாதம்

எட்டு மணிக்கு என்று சொல்லிவிட்டு எட்டே காலுக்கு வந்திருக்கிறீர்கள். பரவாயில்லை சார், சுரபாயாவிலிருந்து மலாங் வருவதற்கு லாரிக்காரர்கள் வழி விட வேண்டுமே. என் லேபில் யாரும் இப்படி வந்ததில்லை, அதனால் சொன்னேன். நோயாளிகளின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று இருபத்தொன்பது வருடம் அளந்து சொன்னவள் நான். லெஸ்தியானி என்றால் கைசுத்தம், கண்டிப்பு என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். கூடவே வாய் என்றும் சொல்வார்கள், அது வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள்.

கேள்வி கேட்பதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு சின்னப் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் ஃபைலைப் படித்தேன். சட்டம் தெரிந்தவர் எழுதியது என்று நன்றாகவே தெரிகிறது.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மருந்து ரத்தத்தில் குறைந்தால் உடம்பு புதுச் சிறுநீரகத்தை வெளியாள் என்று விரட்ட ஆரம்பித்துவிடும். கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். எட்டிலிருந்து பத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் இடம். அதை அளக்க, ஒவ்வொரு ரத்த ட்யூபிலும் அதே மருந்தின் கனமான உருவத்தை அளந்து ஒரு சொட்டு விடுவோம். மருந்திலுள்ள சில ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டு டியூட்டீரியம் என்கிற கன ஹைட்ரஜனை மாட்டியிருப்பார்கள், வேறு வித்தியாசமில்லை. புத்தகத்தில் அதற்கு இன்டர்னல் ஸ்டாண்டர்ட் என்று பெயர். நாங்கள் குண்டன் என்போம். சாதா மருந்து ஒல்லி. வடிகட்டும்போது ஒல்லி கொஞ்சம் வீணானால் குண்டனும் அதே விகிதத்தில் வீணாவான். மெஷின் இரண்டு பேரையும் எடை பார்த்துப் பிரித்து, குண்டனுக்கு ஒல்லி எத்தனை பங்கு என்று சொல்லும். குண்டன் எவ்வளவு போட்டோம் என்பது நமக்குத் தெரியுமே, அதை வைத்து ஒல்லியின் கணக்கு வந்துவிடும். புரிந்ததா? தலையாட்டுகிறீர்கள், சந்தோஷம்.

அக்டோபரில் குண்டன் கரைசலை நான்தான் தயாரித்தேன். ஆறு மாதத்துக்கு வரும்படி, கொஞ்சம் ஆசிட் சேர்த்து. என் வழக்கம் அது. பழைய மருந்துகளுக்கெல்லாம் அப்படித்தான் செய்தேன், ஒரு குறையும் வந்ததில்லை. அப்போதுதான் தனாங் ஜப்பானில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு எங்கள் லேபுக்கு வந்து சேர்ந்திருந்தான். முப்பத்தொரு வயது. திங்கட்கிழமைக் கூட்டத்தில், ஒன்பது பேர் முன்னால், தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்த மருந்துல ஆசிட் பட்டா குண்டன்கிட்ட இருக்கிற கனம் கொஞ்சம் கொஞ்சமா கழண்டுரும். தண்ணில இருக்கிற சாதா ஹைட்ரஜன் வந்து ஒட்டிக்கும். வாராவாரம் புதுசா கரைச்சுக்கலாமே?"

"ஜப்பான்ல குளிரு தம்பி, கை விறைக்காம இருக்க வாராவாரம் கரைச்சிருப்பீங்க. இங்க எனக்கு வேற வேலை இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எங்கள் ஊரில் பெரியவர்களைச் சபையில் வைத்து இரண்டாம் முறை மறுத்துப் பேசுவதில்லை. நல்ல பழக்கம், எனக்கு ரொம்பப் பிடித்த பழக்கம்.

தினமும் காலையில் முதல் ட்யூப் காலி ட்யூப். மருந்தே சாப்பிடாத ஆளின் ரத்தம், அதில் குண்டன் மட்டும். ஒல்லி இல்லை என்று மெஷின் சொன்னால்தான் நாளைத் தொடங்குவோம். டிசம்பர் இரண்டாம் வாரம் ஒல்லி இருக்கிறது என்றது. மறுநாள் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றது. குண்டன் பாட்டிலுக்குள்ளேயே இளைத்து ஒல்லியாகிக்கொண்டிருந்தான். அப்படி இளைத்தவனை மெஷின் நோயாளியின் ரத்தத்திலிருந்து வந்த மருந்து என்றே எண்ணும். எல்லோருக்கும் எண் கூடித்தான் வரும். தனாங் சொன்னது அப்படியே நடந்திருந்தது. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை ஒளிக்க விரும்பவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். காலி ட்யூபைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

"அம்மா, காலி ட்யூப் லிஸ்ட்ல இல்லையே?" என்றான் தனாங்.

"ஒண்ணுமே இல்லாத ட்யூபுல என்னத்தத் தேடப் போற? நேரம் மிச்சம்."

"சரிங்கம்மா."

தெரிந்த அளவு மருந்தை ஓட்டிப் பார்த்து, மெஷினுக்குத் தினமும் புதிதாக அளவுக்கோடு போட வேண்டும் என்பது விதி. புதிதாகப் போட்டால் தப்பு அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும். அக்டோபரில் போட்ட கோடு நேராகத்தான் இருந்தது, அதையே வைத்துக்கொண்டேன்.

ஃப்ரீசரில் பிரிக்காத குண்டன் குப்பி ஒன்று இருந்தது உண்மைதான். அதை எடுத்துக் கரைத்திருக்கலாம். கரைத்தால் ஏன் என்று தனாங் கேட்பான் என்று நினைக்கிறீர்களா? கேட்கவே மாட்டான். சும்மா ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வையை ஒன்பது பேர் பார்ப்பார்கள். எப்படியும் பழைய பாட்டில் நோன்புப் பெருநாளோடு தீர்ந்துவிடும், இன்னும் மூன்று மாதம்தான். பாதி பாட்டிலைக் கொட்டுகிற வளர்ப்பும் என்னுடையது இல்லை.

வெனிங்கைப் பற்றித்தானே கேட்க வந்தீர்கள். சொல்கிறேன். பாலர் பள்ளி டீச்சர், முப்பத்து நாலு வயது. ஆகஸ்டில் அவளுடைய அக்கா தூத்திக் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தாள். தூத்திக் பாக்ஸோ இறைச்சி உருண்டை விற்கிற வண்டி வைத்திருக்கிறவள், வாய் கொஞ்சம் காரம். வெனிங் நேர் எதிர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமை ரத்தம் கொடுக்க வருவாள், எனக்கென்று சோயாத் தெம்பே பொரித்துக் கொண்டுவருவாள். நான் எண்ணெயில் பொரித்தது சாப்பிடுவதில்லை, அவள் மனம் நோகக்கூடாதே என்று வாங்கிக்கொள்வேன்.

ஜனவரி முதல் முறையில் அவளுக்குப் பதினாறு வந்தது. காலை மாத்திரைக்கு முன்னால்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். விழுங்கிவிட்டு வந்தால் எண் ஏறும். எண் ஏறினால் நோயாளியைக் கேட்பது எங்கள் நடைமுறை. நடைமுறையை நான் மீறவில்லை.

"மாத்திரையப் போட்டுட்டு வந்தியாம்மா?"

"இல்லம்மா, பையிலயே இருக்கு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. மெஷினுக்கு உன் மேல என்ன விரோதம்?"

அவள் என்னைப் பார்த்தாள். பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"ஒருவேளை தூக்கக் கலக்கத்துல போட்டிருப்பேன்மா. மன்னிச்சுக்கங்க, என்னால உங்களுக்கு வீண் வேலை."

படிவத்தில் கையெழுத்தும் போட்டாள். ஒரு பெரிய மனுஷியைப் பொய்யாக்கக் கூடாது என்கிற மரியாதை. இந்தக் காலத்தில் இப்படி வளர்ந்த பெண்களைப் பார்ப்பது அபூர்வம்.

அடுத்த முறை தூத்திக்கும் கூட வந்தாள். மாத்திரை அட்டையை என் மேசையில் வைத்தாள்.

"நீங்களே எண்ணிக்கங்க. இன்னிக்குள்ளது உள்ளதான் இருக்கு. நேத்து ராத்திரியிலேருந்து அவ பக்கத்துலயே நான் இருக்கேன். அவளுக்குள்ள இருக்கறது என் கிட்னி, என்னைவிட யாரு காவல் இருப்பா?"

எண்ணினேன். சரியாக இருந்தது. மறுபடியும் பதினாறு என்று அனுப்பினேன். அவளுடைய டாக்டர் விரவான் போன் செய்தார்.

"அம்மா, நம்பர் சரிதானே? இவ்வளவு மருந்து இருந்தா கிட்னி தாங்காது. டோஸக் குறைச்சாகணும்."

"இருபத்தொம்போது வருஷத்துல என் நம்பரை யாரு டாக்டர் சந்தேகப்பட்டிருக்கா?"

"ஐயோ, சந்தேகமெல்லாம் இல்லம்மா. கேட்டு வச்சுக்கிட்டேன்."

குறைத்தார். அப்புறம்தான் அவளுடைய சிறுநீரகம் தடுமாற ஆரம்பித்தது. மருந்து குறைந்ததால் தடுமாறியது. என் எண் இன்னும் பதின்மூன்று என்று சொன்னதால், மருந்து கூடித்தான் கெடுகிறது என்று டாக்டர் இன்னும் குறைத்தார். கெட்டிக்கார டாக்டர் சார் அவர். என் எண்ணை நம்பினால் அவர் செய்த அத்தனையும் சரி.

உண்மையான எண் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மதியத் தொழுகைக்கு எல்லோரும் போனதும் நான் மட்டும் காலி ட்யூபை ஓட்டிப் பார்ப்பேன். அதில் வந்ததைக் கழித்தால் உண்மை வந்துவிடும். உண்மை எங்கேயாவது ஒரு இடத்தில் எழுதியிருக்க வேண்டும் இல்லையா. ஆயிரம்தான் இருந்தாலும் நான் விஞ்ஞானம் படித்தவள். என் மேசை இழுப்பறையிலிருந்து நீங்கள் எடுத்துப்போன பச்சை அட்டை நோட்டு அதுதான். வெனிங் பெயருக்கு நேரே பாருங்கள். அனுப்பியது பதினாறு, இருந்தது ஒன்பது. அனுப்பியது பதின்மூன்று, இருந்தது ஐந்து. அனுப்பியது பன்னிரண்டு, இருந்தது மூன்று. ஒன்பது நல்ல அளவு. ஜனவரியில் அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

முப்பத்தெட்டு பேருடைய எண்ணும் அந்த நோட்டில் இருக்கிறது. ஒருவர் விடாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதியது. இறந்துபோன இரண்டு பேரையும் அதில்தான் தேட வேண்டும். அவர்களில் ஒருவருக்கு எழுபது வயது என்பதை உங்கள் ஃபைல் சொல்லாமல் விட்டிருக்கிறது.

பிப்ரவரியில் ஃப்ரீசர் குப்பியை ஏன் பிரித்தீர்கள் என்று அடுத்து கேட்பீர்கள். பிரித்தேன். ஆஸ்பத்திரி அறக்கட்டளைத் தலைவர் ஹேந்திரோ ஐயாவும் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், சிங்கப்பூரில். அவருடைய ரத்தம் வந்த அன்று அந்தக் குப்பியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதிதாகக் கரைத்து, அவருடைய ட்யூபுக்கு மட்டும் போட்டு, அதற்கென்று புதுக் கோடும் போட்டேன். அவர் பெரிய மனிதர் என்பதற்காக இல்லை. அவருக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். முடிவு தப்பாகி இன்னொரு முறை குத்த வேண்டி வந்தால் பாவம், கை நீலம் பாரித்துவிடும். அவருக்கு எட்டு புள்ளி ஒன்று வந்தது. அப்படியே அனுப்பினேன். என் லேபில் சரியான முடிவே வரவில்லை என்று ஃபைலில் எழுதியிருக்கிறீர்களே, அதைத் திருத்திவிடுங்கள்.

அன்று வியாழக்கிழமை. அடுத்த ட்யூப் வெனிங்குடையது. புதுக் கரைசல் கையிலேயே இருந்தது, இன்னும் பத்துப் பேருக்காவது வரும். தனாங் அப்போதுதான் பக்கத்து மேசைக்கு வந்து உட்கார்ந்தான். நான் பழைய பாட்டிலை எடுத்தேன்.

மாதக் கடைசியில் டாக்டர் ஊசி போட்டுச் சிறுநீரகத்தில் சதை எடுத்துப் பார்த்தார். மருந்துக் கேடு இல்லை, உடம்பு விரட்டியிருக்கிறது என்று தெரிந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை. மார்ச்சில் அவளை மறுபடி டயாலிசிஸில் போட்டார்கள். அன்று தூத்திக் லேப் வாசல் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே வந்தபோது, "நல்லாத்தான இருந்தாம்மா, எங்க தப்பு நடந்துச்சுன்னு யாராவது சொல்லுங்களேன்" என்றாள். டாக்டரைக் கேட்கச் சொன்னேன். நோய் பற்றி விளக்குவது லேபின் வேலை இல்லை.

பெருநாள் விடுமுறைக்கு முன்தினம் பழைய பாட்டில் தீர்ந்தது. விடுமுறை முடிந்து முதல் வேலையாகப் புதுக் குண்டனைக் கரைத்தேன், இந்த முறை ஆசிட் இல்லாமல். காலி ட்யூபும் பட்டியலுக்குத் திரும்பி வந்தது. அன்றைக்கே எல்லா நோயாளிகளின் எண்ணும் பாதியாக விழுந்தது. நான் ஒழுங்காக வேலை செய்த முதல் நாளில்தான் சார் டாக்டர்கள் சண்டைக்கு வந்தார்கள். தனாங் குப்பைக்குப் போகாமல் கிடந்த பழைய பாட்டிலைக் கவிழ்த்து, அடியில் இருந்த ஒரு சொட்டை மெஷினில் ஓட்டிவிட்டு உங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினான். கடிதத்தின் ஆரம்பத்தில் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தானாமே.

கையெழுத்துப் போடுகிறேன், அவசரப்படாதீர்கள். எனக்குத் தெரியும், தெரிந்தே அனுப்பினேன், நூற்று ஐந்து நாள் அனுப்பினேன். இதுதானே வேண்டும்? ஆனால் நடுவில் பெருநாளன்று நடந்த ஒன்று உங்கள் ஃபைலில் இல்லை. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் எப்படிப்பட்டவள் என்று நீதிபதிக்குத் தெரிய வேண்டும்.

காலைத் தொழுகை முடிந்து வீட்டில் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். வெனிங் வந்தாள். கையில் கட்டு, முகம் வீங்கியிருந்தது. அன்னாசி பிஸ்கட் டப்பா ஒன்று கொண்டுவந்திருந்தாள். தூத்திக் வாசலோடு நின்றுவிட்டாள். நான் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வெனிங் என் எதிரில் முழங்காலிட்டு என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"உடம்பாலயும் மனசாலயும் நான் செஞ்ச தப்பையெல்லாம் பொறுத்துக்கங்கம்மா" என்றாள். பெருநாளில் எல்லோரும் சொல்வதுதான். அவள் அதோடு நிறுத்தவில்லை. "அன்னிக்கு மாத்திரை போட்டேன்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். நான் போடலம்மா. நான் பொய் சொல்லாம இருந்திருந்தா நீங்க எப்படியும் கண்டுபிடிச்சிருப்பீங்க. அக்கா குடுத்தத நானே தொலைச்சுட்டேன்." அழுதாள்.

அதே வார்த்தைகளை நாமும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். என் வாயில் பிஸ்கட் இருந்தது. தலையில் கை வைத்தேன். வயதில் மூத்தவள், இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டால் எப்படி? அவளை நான் மன்னித்துவிட்டேன், சார்.