பதிமுகத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுதிய அறிக்கை

என் பெயர் உமாசங்கர். வயது நாற்பத்தொன்று. தகப்பனார் பெயர் பகவதிப்பெருமாள். திருவனந்தபுரம் சாலைக் கடைவீதிக்குப் பின்புறம் மனைவியோடு குடியிருந்து வருகிறேன். வெளிநாட்டு உதவியில் நடக்கும் அறிவியல் கண்டுபிடிப்புத் திட்டங்கள் மக்களுக்குப் பயன்பட்டனவா என்று பார்த்து அறிக்கை கொடுப்பது என் தொழில். என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகவே இன்று காவல் நிலையத்துக்கு வந்து, இந்த வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

விதுராவுக்கு மேலே மலையில் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் வீட்டுக்கு ஒன்றாகத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் புதுக் கருவி கொடுத்திருந்தார்கள். அதிலுள்ள நீல விளக்கு கிருமியைக் கொல்லும், பிறகு தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டாம் என்பது திட்டம். எத்தனை வீடுகள் கொதிக்க வைப்பதை நிறுத்தின என்பதே வெற்றிக்கு அளவுகோல். இந்த ஆண்டு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு நான் மதிப்பீட்டுக்குப் போனேன். லயத்திலேயே குடியிருக்கும் திட்டத் தொண்டர் பொன்செல்வி என்னை வீடு வீடாக அழைத்துப் போனார்.

முதலில் வீரபாண்டி என்ற தோட்டத் தொழிலாளியின் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி இசக்கிசெல்வி, "மிஷின் வெள்ளந்தான் குடிக்கோம் சாரே, அடுப்புல வைக்கதே இல்ல" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அது பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்த சிவந்த தண்ணீர். சூடுகூட முழுதாக ஆறவில்லை. அதன் பிறகு போன வீடுகளிலும் அதே பதில், அதே சிவந்த தண்ணீர். வீடு தேடி வந்தவனுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. கருவி கொடுத்தவர்களின் ஆளிடம் குறை சொல்லவும் மனமில்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம். எங்கள் வீட்டிலும் இதே பட்டையைப் போட்டுத்தான் கொதிக்க வைக்கிறோம். ஆனால் எங்கள் தொழிலில் கேள்விக்குச் சொன்ன பதிலைத்தான் பதிவோம். குடித்ததைப் பதிய இடம் கிடையாது. அந்த வழக்கத்துக்குப் பின்னால் நான் வசதியாக ஒளிந்துகொண்டேன். அநேகமாக எல்லா வீடுகளும் கொதிக்க வைப்பதை நிறுத்திவிட்டன என்று எழுதி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

அதன் பிறகு நகரத்து ஓட்டலில் நடந்த கூட்டத்தில் வெளிநாட்டுப் பிரதிநிதிகள் கைதட்டினார்கள். இதே கருவியை வேறு நாடுகளுக்கும் கொண்டுபோவதாகச் சொன்னார்கள். பொன்செல்விக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வெளியே வந்ததும் அவர், "சாரே, நெசமாவே கொதிக்க வைக்க வேண்டாமா? ஆளுக எல்லாம் இப்பவும் அடுப்புலதான் வைக்குது" என்று தணிந்த குரலில் கேட்டார். "ரிப்போர்ட்டே வந்தாச்சு, இனி என்ன சம்சயம்? தைரியமாச் சொல்லுங்க" என்றேன். அப்படிச் சொல்லும்படி எனக்கு யாரும் உத்தரவிடவில்லை. லயத்துக்கு வரும் குறைந்த மின்சாரத்தில் அந்த விளக்கு கிருமியைக் கொல்கிறதா என்று நான் சோதித்துப் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு பொன்செல்வி லயத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. அதனால் எல்லோரும் பார்க்கத் தன் மகள் அஞ்சுவுக்குக் கருவித் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துக் குடிக்க வைத்திருக்கிறார். பெற்ற தாயே கொடுக்கிறாளே என்று மற்றவர்களும் குடிக்கத் தொடங்கினார்கள். மழை பிடித்ததும் லயத்தில் மஞ்சள் காமாலை பரவியது. அஞ்சு இறந்துவிட்டாள். வீரபாண்டியின் மகன் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வீரபாண்டி கொடுத்த புகாரில் குற்றம் சாட்டப்பட்டிருப்பவர் பொன்செல்வி ஒருவர்தான். என் பெயர் அதில் இல்லை. அது தெரிந்ததும் எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அதைச் சொல்லவே கூசுகிறது.

அதன் பிறகு நேற்று துக்கம் விசாரிக்கப் போனேன். பொன்செல்வி எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சாரே, போலீஸ் கேட்டா நான் என்ன பதில் சொன்னா சரியா இருக்கும்? சொல்லித் தாங்க, அப்படியே சொல்லிருதேன்" என்று கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அவர் கேட்ட பதிலை இங்கே சொல்கிறேன். "உமாசங்கர் சொன்னார், நான் நம்பினேன்" என்பதே அது. அதற்கு மேல் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ப. உமாசங்கர்