விளிம்பில் கொட்டிய மண்

மழை விட்ட மறுநாள், வெட்டிய களிமண்ணுக்கு ஒரு பளபளப்பு வரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்போதுதான் அதை நம்பவே கூடாது. இது எனக்குத் தெரியும் என்று சொல்லத்தான் நானே வந்தேன், சார். பள்ளம் சரிந்ததற்கு மேற்பார்வையாளரின் அறியாமையே காரணம் என்று நீங்கள் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பொக்லைன் டிரைவரை வேறு பிடித்து உட்கார வைத்திருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

இறந்தவர் என் தங்கையின் கணவர். வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவரை அந்தக் கட்டட வேலைக்குக் கூட்டிவந்ததே நான்தான். வந்தவர் பாதுகாப்பு அதிகாரி ஆனார். நான் மேற்பார்வையாளராகவே இருந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

அடித்தளத்துக்காக ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்தோம். பக்கங்களை நேராக நிமிர்த்தி வெட்டி, தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கச் சொல்லியிருந்தேன். வேலை சீக்கிரம் முடியுமே என்றுதான். ஆட்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"மச்சான், இது பள்ளமா, சவக்குழியா? சரிவா வெட்டச் சொல்லுங்க. மண்ணைத் தள்ளிக் கொட்டச் சொல்லுங்க. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே இது."

ஆட்கள் சிரித்தார்கள். டிரைவருக்குப் புரையேறியது. நானும் சிரித்தேன். மறுநாளே சரிவாக வெட்டி மண்ணை அப்புறப்படுத்தினேன், மூன்று பக்கங்களில். நான்காவதை மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நம்பினார். வீட்டு மனிதன் அல்லவா நான்.

மழை பெய்து ஓய்ந்தது. நான்காவது பக்கத்தின் மேலே, விளிம்புக்கு இணையாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. கை நுழையும் அகலம். அந்த மண் கிளம்பத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். நான் நாலு கூடை மண்ணை அள்ளி விரிசலை மூடினேன். ஆட்களைச் சாப்பிட அனுப்பினேன். அவர்கள் மேல் எனக்கென்ன பகை? பிறகு மாப்பிள்ளைக்குப் போன் செய்து, அந்தப் பக்கம் அடியில் தண்ணீர் ஊறுகிறது, இறங்கிப் பாருங்கள் என்றேன்.

மண் விழுந்தது. ஆனால் அரைகுறையாக. மார்பு வரை புதைந்து நின்றார், ஹெல்மெட்கூடக் கழலவில்லை. சத்தம் கேட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். மண்வெட்டியோடு இறங்கப் போனவர்களைத் தடுத்தேன். இன்னும் சரியும் என்றேன். அது உண்மைதான். பிறகு டிரைவரைப் பார்த்து, வண்டியை விளிம்புக்குக் கொண்டு வரச் சொன்னேன்.

"வண்டி வேணாம் மச்சான். பாரம் தாங்காது. அந்தப் பக்கமா இறங்கி, கையால அள்ளச் சொல்லுங்க."

குரல் எழும்பவில்லை. மார்பைச் சுற்றி மண் இறுகினால் எழும்பாது. விளிம்போரம் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

டிரைவர் தயங்கினான். "அண்ணே, இவ்வளவு கிட்ட வரலாமா?"

"வா, நான் பாத்துக்கறேன்."

வண்டி கவிழாத இடமாகப் பார்த்துக் கைகாட்டி நிறுத்தினேன். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். வண்டி நின்றதும் மிச்ச மண் மொத்தமாக இறங்கியது. அப்புறம் ஹெல்மெட்டும் தெரியவில்லை.

பதற்றத்தில் செய்துவிட்டேன் என்று ஆட்கள் எல்லோரும் எனக்காகப் பரிந்து பேசினார்களாம். நான் பதறவில்லை, சார். அந்த வண்டியின் கனம் தெரியும். அந்த மண் எவ்வளவு தாங்கும் என்பதும் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன். அறியாமை என்ற சொல்லை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பிணவறை வாசலில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, நீ பக்கத்துலதானே நின்ன. கடைசியா என்ன சொன்னாரு?"

"உன்னைப் பத்திரமா பாத்துக்கச் சொன்னாரு."

என் தோளில் சாய்ந்து அழுதாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். நீங்களே சொல்லுங்கள், கூடப் பிறந்தவன் நான் இருக்கும்போது அவளுக்கு என்ன குறை?