எழுபத்திரெண்டாவது கோடு

— சிரிக்காதீங்கண்ணா. நெயில் பாலிஷை எடுத்துட்டுப் போய் இரும்புல எதுக்குப் பூசறாருன்னு நான் என்ன கண்டேன்? என் டப்பாவெல்லாம் காலியாகுதுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்.

— அட, மூணு வருஷமா உன் வீட்டு கார் ஷெட்லதானே தங்கச்சி இந்தப் பறக்கற வண்டி வளர்ந்துச்சு? ஒரு தடவை கூடவா கேக்கல?

— கேட்டா என்ன சொல்லுவாரு உங்க சிநேகிதர்? 'உனக்குப் புரியாது, கதவைச் சாத்திட்டுப் போ.' கண்ணாடிக் கடைக்கு வர்றவங்ககிட்ட ஒரு ஃப்ரேமுக்கு ஒன்பது தடவை விளக்கம் சொல்ற மனுஷன். வீட்டுக்கு வந்தா அந்தப் பொறுமை எங்க போகுதோ.

— சரி, அதுக்கு வெல்டிங் வெச்சவன் நான் சொல்றேன் கேளு. அதோ, மரத்துக்கு மேல வர்றான் பாரு உன் வீட்டுக்காரன். முதுகுக்குப் பின்னால சுத்துதே, அது ப்ரொப்பெல்லர். என்ஜின் அதைத்தான் சுத்தும், அது வண்டியை முன்னால தள்ளும். தலைக்கு மேல நீளமாச் சுத்தற ரெக்கைக்கு என்ஜினே கிடையாது. வர்ற காத்துலயே சுத்திக்கும்.

— என்ஜினே கிடையாதா? ஐயோ, அதுலதானே அண்ணா அவரு தொங்கிட்டிருக்காரு!

— அதான் இதோட அழகே. என்ஜின் நின்னாலும் ரெக்கை நிக்காது, பூ மாதிரி இறங்கிடலாம். ரெக்கையைத் தாங்கற தலை மட்டும் கம்பத்தோட ஒட்டி நிக்கணும். அது நிக்கறது ஒரே ஒரு போல்ட்ல.

— ஒரே ஒண்ணா?

— ஒண்ணு போதும், ஒழுங்கா முறுக்கியிருந்தா. அங்கதான் உன் நெயில் பாலிஷ் வருது. 'டிக்'னு சத்தம் போடற ஸ்பேனர் ஒண்ணு வெச்சிருக்கான். முறுக்கு சரியான அளவுக்கு வந்தா டிக்குங்கும். உடனே நட்டையும் போல்ட்டையும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுத்துடுவான். அப்புறம் அதிர்வுல நட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் கோடு உடைஞ்சு காட்டிக் குடுத்துடும். கோடு இருந்தா முறுக்கியாச்சு. கோடு இல்லேன்னா சும்மா கையால திருகி விட்டிருக்குன்னு அர்த்தம்.

— கோடு இல்லேன்னா... முறுக்கலையா?

— முறுக்கல. கோடு போடறதும் முறுக்கின கைதான், வேற யாரும் தொடக்கூடாது. ஒரு கோடு குறைஞ்சாலும் சக்கரம் தரையை விடக்கூடாது. ஷெட் கதவுக்கு உள்பக்கம் அவனே எழுதி ஒட்டியிருக்கானே. என்ன தங்கச்சி? ஏன் இப்படி வெளுத்துப் போயிட்ட?

— அண்ணா, அவரை இறக்குங்க.

— என்னது?

— இறக்குங்கண்ணா! வியாழக்கிழமை ஷெட்டைப் பெருக்கப் போனேன். எல்லா நட்டுலயும் கோடு இருந்துச்சு, ஒண்ணுல மட்டும் இல்ல. பாலிஷ் தீர்ந்து போயிருக்கும்னு நெனச்சேன். புது டப்பா எடுத்துட்டு வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, நானே ஒரு கோடு போட்டுட்டேன்.

— ஸ்டூல் போட்டு ஏறியா? எந்த நட்டு?

— உச்சியில. கம்பம் முடியற இடத்துல.

— அடக் கடவுளே.

— துருப் பிடிக்காம இருக்கத்தான் பூசறாருன்னு நெனச்சேன்! நான் என்ன கண்டேன்!

— கத்தாத. கத்தாத தங்கச்சி. இந்த ஃப்ளையிங் கிளப்காரங்க காதுல விழுந்தா இருபது பேரும் ரன்வேயில ஓடுவாங்க. அவன் மேலேருந்து பார்ப்பான். இரு, யோசிக்க விடு. ஆறு வாரமா அந்த ஒரு நட்டுதான் பாக்கின்னு சொல்லிட்டிருந்தான். 'ஸ்பேனரை அளவு பார்க்கக் குடுத்திருக்கேன், வரட்டும்'னான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வண்டியைக் கட்டி இழுத்துட்டு வருவான். தரையிலயே நாலு ஓட்டம் ஓட்டிட்டுத் திரும்பிப் போயிடுவான். 'தரை பைலட்டு'ன்னு பேரே வெச்சுட்டாங்க. சத்தத்தை வெச்சே எந்தக் காலத்து ப்ரொப்பெல்லர் ப்ளேன்னு சொல்ற ஆளுங்க, அவங்க வாயில விழுந்து எழுந்திரிக்க முடியுமா?

— இன்னிக்கு நீங்க பார்க்கலையா அண்ணா? ஏறுறதுக்கு முன்னாடி பார்க்க மாட்டீங்களா?

— பார்த்தேன். கோட்டையெல்லாம் நான்தான் எண்ணினேன், என் கையை வெட்டணும். எழுபத்திரெண்டு. ஸ்பேனர் வந்து முறுக்கிட்டான்னு நெனச்சு 'எல்லாம் இருக்குடா, ஏறு'ன்னேன். 'எழுபத்தொண்ணுதான் இருக்கும், நல்லா எண்ணு'ன்னான். மறுபடி எண்ணினேன். எழுபத்திரெண்டு. அப்புறம் அவனே ஏணியில ஏறி அந்த நட்டையே ரொம்ப நேரம் பார்த்துட்டு நின்னான். சாமி கும்பிடறான்னு நெனச்சேன்.

— அப்போ அவருக்குச் சந்தேகம் வந்திருக்கு! அப்புறமும் ஏன் ஏறினாரு?

— தானே முறுக்கிட்டு மறந்துட்டோம்னு நெனச்சிருப்பான். சுத்தி நின்னு எல்லாரும் கை தட்டிட்டிருந்தாங்க. அந்த நேரத்துல எவன் கீழ இறங்கி 'இருங்க, எனக்குச் சந்தேகமா இருக்கு'ம்பான்?

— ரேடியோல சொல்லுங்க. நட்டு லூஸுன்னு சொல்லுங்க.

— சொல்ல மாட்டேன். சொல்றேன் கேளு. பயந்து போய் ஓட்டற ஸ்டிக்கை வெடுக்குனு முன்னால தள்ளினான்னு வெச்சுக்கோ, ரெக்கைக்குக் காத்து போயிடும், வண்டி குப்புற... வேண்டாம், அதை நீ கேக்காத. நட்டு கழண்டு விழுறதுக்காவது நேரம் ஆகும். கை பதறினா உடனே விழுவான்.

— அப்போ என்னதான் சொல்லப் போறீங்க?

— பொய் சொல்லப் போறேன். நீ வாயைத் திறக்காத, ரேடியோவை ஆன் பண்றேன். பைலட்டு, வெல்டர் பேசறேன். கேக்குதா?

— கேக்குது. சொல்லு.

— எப்படிடா இருக்கு மேல?

— இருக்கு.

— இருக்குன்னா?

— இருக்குன்னா இருக்கு வெல்டரு. எதுக்குக் கூப்பிட்ட?

— காத்து கொஞ்சம் மாறுது. மூணு சுத்து வேண்டாம். இதோட இறங்கிடு.

— இறங்கிடவா? இப்பவேவா?

— இப்பவே.

— கிளப்காரங்க ஏதாவது சொல்லுவாங்களா?

— அவங்க கிடக்கறாங்க. நான் பார்த்துக்கறேன்.

— சரி. சரி, இறங்கிடறேன். இறங்கிடறேன் வெல்டரு, கேக்குதா?

— கேக்குது. அவசரமே இல்ல. மெதுவா.

— அண்ணா, காத்தே இல்லையே. காத்து எந்தப் பக்கம்னு காட்டற அந்தத் துணிப்பை சொத்துனு தொங்குது. மேலேருந்து அவருக்குத் தெரியாதா?

— தெரியும். ஏன்னு கேக்கல பார்த்தியா?

— அவர் குரலே சரியில்ல. மூச்சு வாங்குது.

— முதல் தடவை தனியாப் போறான். எல்லாருக்கும் அப்படித்தான்.

— பதினாலு வருஷமா அந்தக் குரலைக் கேக்கறேன், எனக்குத் தெரியாதா? மேல ஏதோ ஆடுது. அவருக்குத் தெரிஞ்சு போச்சு, நமக்குச் சொல்லாம இருக்காரு. எனக்குப் பயமா இருக்குண்ணா.

— என் தோளைப் பிடிச்சுக்கோ. பைலட்டு, இப்பத் திரும்பணும். அகலமாத் திரும்பு, ஊரைச் சுத்தி வந்தாலும் பரவாயில்ல. வாத்தியாரோட ரெண்டு சீட்டு வண்டியில முப்பது மணி நேரம் ஓட்டினியே, அதே மாதிரி.

— அந்த வண்டியை வேற யாரோ கட்டினாங்கடா.

— சரிடா, இதை நாம கட்டினோம். ஸ்டிக்கை முட்டையைப் பிடிக்கற மாதிரி பிடி.

— கை வழுக்குது. வேர்த்துக் கொட்டுது, கேக்குதா?

— ஒரு கையை மட்டும் பேன்ட்ல தொடைச்சுக்கோ. அப்புறம் இன்னொண்ணு.

— வெல்டரு, ஏதோ சத்தம் கேக்குது. கடகடன்னு.

— தங்கச்சி, ரெக்கையையே பாரு, ஏதாவது ஆடுதா?

— வெல்டரு? இருக்கியா?

— இருக்கேன். எங்கேருந்து வருது? மேலேருந்தா?

— தெரியல. என் பல்லுதான்னு நெனைக்கறேன்.

— குடுங்கண்ணா அந்த ரேடியோவை.

— வேண்டாம் தங்கச்சி, உளறிடுவ.

— உளற மாட்டேன், குடுங்க. என்னங்க? நான்தான்.

— நீ எங்க இங்க? வராதேன்னுதானே சொன்னேன்?

— ஷெட் சாவியைப் பாக்கெட்டுல போட்டுட்டு வந்துட்டீங்க. அதை வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்.

— அதுக்காகவா இவ்ளோ தூரம் வந்த?

— ஆமா. நின்னுட்டிருக்கேன். வேகமா வர வேண்டாம். மெதுவா வந்து குடுங்க, போதும்.

— சரி. அங்கயே நில்லு. எங்கயும் போயிடாத.

— எங்க போகப் போறேன். வாங்க.

— நல்லா பேசின தங்கச்சி. திரும்பிட்டான் பாரு. நேராயிட்டான். என்ஜினைக் குறைக்கறான்.

— நான் பார்க்க மாட்டேன். கண்ணை மூடிக்கிட்டேன். நீங்க சொல்லுங்க.

— வர்றான். வேலியைத் தாண்டிட்டான். இப்ப மூக்கைத் தூக்கு. தூக்குடா, வெடுக்குனு இல்ல... அப்படித்தான். ஆளுயரம். இடுப்புயரம்.

— அப்புறம்? அண்ணா, அப்புறம்?

— தொட்டுட்டான்! சக்கரம் தொட்டுடுச்சு தங்கச்சி! ஓடாத! ரெக்கை இன்னும் சுத்துது, தலையைச் சீவிடும். நிக்கட்டும். இரு... இரு... இப்பப் போ.

— விடு, விடும்மா. எல்லாரும் பார்க்கறாங்க.

— பார்க்கட்டும். உங்க உடம்பு ஏங்க இப்படி நடுங்குது?

— குளிரு. மேல குளிரு. டேய் வெல்டரு, ஏணியைப் போட்டு என்னடா பண்ற? அந்த ஸ்பேனரை எங்கேருந்து எடுத்த?

— உன் தோள்பைக்குள்ள அடியிலேருந்து. அளவு பார்க்கக் குடுத்திருக்கேன்னு சொன்னியே, அதே ஸ்பேனர். கொஞ்சம் பேசாம இரு.

— அண்ணா, என்ன ஆச்சு? கழண்டிருக்கா?

— டிக்குங்குது.

— நல்லாப் பாருங்கண்ணா.

— மூணு தடவை பார்த்துட்டேன். டிக், டிக், டிக். ஒரு நூல் கூட நகரல. கோடும் உடையல.

— எப்படி? என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டினாலும் பரவாயில்ல. அந்த உச்சி நட்டுல கோடு போட்டது நான்.

— தெரியும்.

— தெரியுமா?

— காலைல ஏணியில ஏறினப்பவே தெரிஞ்சுது. அது வேற சிவப்பு. போன கல்யாண நாளுக்கு நீ வாங்கினது.

— தெரிஞ்சும் ஏறினீங்களா? முறுக்காத நட்டோட ஏறினீங்களா? பைத்தியமா உங்களுக்கு?

— முறுக்காத நட்டு இல்ல. ஆறு வாரத்துக்கு முன்னாடியே முறுக்கிட்டேன். மத்த எழுபத்தொண்ணையும் முறுக்கின அன்னிக்கே.

— அப்புறம் ஏங்க கோடு போடல?

— போட்டா பறக்கணுமே.