இராசமலரின் எடை

தேத்தண்ணி வேண்டாம், ஐயா. வெளியிடத்துக் கோப்பையில் நான் வாய் வைப்பதில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அசுத்தம் என்றால் எனக்குக் குமட்டும். இந்தக் கதிரையைக்கூடக் கைலேஞ்சியால் துடைத்துவிட்டுத்தான் இருக்கிறேன். குறை நினைக்கக் கூடாது.

போன மாதம் உங்கள் முகாமில், இதே மேசைக்கு முன்னால் இருந்து உங்களுக்கு ஒரு பெயர் தந்தேன். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். சீனக்குடாவிலிருந்து கொழும்புக்குப் போகும் சின்ன விமானத்துக்குத் திருகோணமலையில் நான்தான் ஏஜென்ட். கண்ணிவெடிக்குப் பயந்து பஸ்ஸில் போகாத சனமெல்லாம் என்னிடம்தான் வரும். சின்ன விமானம் என்பதால் பெட்டியோடு ஆளையும் நிறுக்க வேண்டும். நெல் மில்லில் வாங்கிய தராசு ஒன்று வைத்திருக்கிறேன். பெண்களை நாலு பேர் முன்னால் நிறுத்தி எடையைக் கூவுவது மரியாதையில்லை. அதனால் திரைச்சீலை கட்டி, என் மனைவி புஸ்பராணியை உள்ளே வைத்து நிறுப்பித்தேன். அவள் முள்ளைப் பார்த்து, கூட வந்தவரின் காதிலும் என் காதிலும் மட்டும் சொல்லுவாள். இந்த ஒழுங்கை ஊரே மெச்சியது.

கப்பல்துறைக் கிராமத்து இராசமலர் வந்தது மழை நாளில். சிறுநீரகம் பழுதாகி, கொழும்புக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டிய மனுசி. கூட வந்தது அவரின் தங்கை மகன் இரத்தினசிங்கம், நகரத்தில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறவர். இராசமலரின் எடை முப்பத்தொரு கிலோ. அவரிடமிருந்து ஒரு வாடை வந்தது. அந்த வாடையோடு மற்றப் பயணிகள் ஒரு மணித்தியாலம் அடைபட்டு இருக்க வேண்டுமே என்று நினைத்து, கைலேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன். அதே நேரம் ஒரு முதலாளியின் இறால் பெட்டிகளும் வந்திருந்தன. இறாலும் மணக்கும்தான். ஆனால் அவை ஐஸ் போட்டு ஒழுங்காக மூடியிருந்தன. பாரம் கூடிவிட்டது, அடுத்த விமானத்தில் போகலாம் என்று சொல்லி அவரை இறக்கினேன். அந்தக் கிழமையே அவர் செத்துப்போனார். நான் மலர்வளையம் அனுப்பினேன்.

பிறகு இணையத்தில் ஒரு பதிவு வந்தது. பெயர் போடாத பதிவு. முப்பத்தொரு கிலோ மனுசிக்கு இடமில்லாத விமானத்தில் இறால் கொழும்புக்குப் பறந்தது என்று எழுதியிருந்தது. லண்டன், கனடாக்காரரெல்லாம் அதை எடுத்துப் போட்டு, கீழே காறித் துப்பியிருந்தார்கள். வாசித்துவிட்டு நான் இரண்டு தரம் குளித்தேன்.

கொழும்புத் தலைமையகம் மான நஷ்ட வழக்குப் போடுவோம் என்று துள்ளியது. அவர்களின் லோயர் என்னோடு தொலைபேசியில் கதைத்தார். எழுதினதில் எது பொய் என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

"அப்ப வழக்குப் போட ஏலாது. உண்மையெண்டால் அது அவதூறு இல்லை, தம்பி," என்றார்.

ஆனால் அந்த எழுத்து நிற்காவிட்டால் ஏஜென்சியை வேறு ஆளுக்குக் கொடுப்போம் என்று தலைமையகம் சொல்லிவிட்டது. சட்டம் கைவிட்டால் மனிதன் என்ன செய்வான், சொல்லுங்கள்.

எடை தெரிந்தவர்தான் எழுதியிருக்க வேண்டும். கூட வந்தவருக்குத்தான் எடை தெரியும். நான் இரத்தினசிங்கத்தின் வகுப்புக்குப் போய், மன்னிப்புக் கேட்டு ஒரு பதிவு போட்டால் விசயத்தை முடித்துக்கொள்ளலாம் என்று பண்பாகத்தான் சொன்னேன்.

"நான் எழுதேல்லை. ஆனா எழுதினவர் பிழையா ஒண்டும் எழுதேல்லையே. எழுதட்டும்," என்றார்.

என் பெயரில் அழுக்கைப் பூசிவிட்டு, அதைக் கழுவவும் மாட்டேன் என்கிற அந்தத் திமிர்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. நேரே உங்களிடம் வந்தேன். விமானத்தில் என்ன ஏறுகிறது, எப்போது ஏறுகிறது என்று வெளிநாட்டுக்கு எழுதுகிற ஆள் என்றேன். அதில் ஒரு சொல்லாவது பொய்யா? உண்மையென்றால் அவதூறு இல்லை என்று லோயரே சொன்னார்.

இரத்தினசிங்கத்தை வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று சனம் சொன்னது. அவரின் சைக்கிள் சந்தியில் கிடந்ததாம். அவரின் தாய் என் கந்தோருக்கு வந்து, பெரிய ஆட்களைத் தெரிந்தவர் நீங்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கோ என்று மேசையில் தலையை வைத்து அழுதார். மூக்கும் கண்ணும் ஒழுகி மேசையெல்லாம் ஈரம். அவர் போன பிறகு டெட்டோல் போட்டுத் துடைத்தேன்.

முந்தாநாள் இன்னொரு பதிவு வந்தது. "முதல் பதிவை எழுதியது இரத்தினசிங்கம் இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று இராசமலரின் எடையைப் பார்த்தது நான், எழுதியதும் நான்," என்று இருந்தது.

கனடாவில் இருக்கிற மகனுக்கு ஈமெயில் போடப் பழகவென்று புஸ்பராணி அந்த வகுப்புக்குப் போய் வந்தவள். எனக்கு அது தெரியும். நானே அனுப்பினேன். ஆனால் சந்தேகப்படும்போது அவள் என் நினைவுக்கு வரவில்லை. வீட்டு அலுமாரியை யார் சந்தேகப்படுவார்கள்?

நேற்றுக் கேட்டேன். தரை கழுவிக்கொண்டிருந்தாள். மறுக்கவில்லை.

"ஓம், நான்தான். அந்த மனுசியைத் தராசில நிறுத்த கை இது, நித்திரை வரேல்லை. போய்ச் சொல்லி அந்தப் பெடியனை விடுவியுங்கோ," என்றாள்.

இருபத்தாறு வருசம் என் சோற்றைக் குழைத்த கை. எத்தனை தரம் வாய் கொப்பளித்தும் அருவருப்புப் போகவில்லை.

அவள் சொன்னபடியே வந்திருக்கிறேன். இரத்தினசிங்கம் இன்னும் இருந்தால் விட்டுவிடுங்கள். நீங்கள் கீழே பார்க்கிறீர்கள். சரி, அது உங்கள் பக்கத்து விசயம், நான் கேட்கவில்லை. ஆனால் பிழையான தகவல் தருகிறவன் என்று என் பெயர் கெடக்கூடாது. எழுதிக்கொள்ளுங்கள்: புஸ்பராணி. விலாசம் என்னுடையதுதான்.

உங்கள் ஆட்களிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், ஐயா. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வரட்டும். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, அவள் தரை கழுவியிருப்பாள்.