ஏழாம் பக்கத்தில் ஓர் எண்

மாலை வகுப்பில் ஒரு வசதி உண்டு. போய் உட்காரும்போது நாற்காலி சூடாக இருக்கும். பகல் மாணவர்கள் அப்போதுதான் எழுந்து போயிருப்பார்கள். மழை நாட்களில் அது எனக்குப் பிடிக்கும். இதை என் நாட்குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். அந்த நோட்டு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது, மேடம். நான் சொல்வதில் எங்காவது தேதி பிசகினால் அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். என் ஞாபகத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

பகலில் எனக்கு மருந்துக் கிடங்கில் இருப்புச் சரிபார்க்கும் வேலை. பெட்டிகளை எண்ணுவேன். மறுபடி எண்ணுவேன். வீட்டுக்கு வந்த பிறகு, சரியாக எண்ணினோமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். கணினிப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்த இரண்டாம் வாரமே எனக்கு 'சந்தேகம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த வகுப்பு, ராணுவமும் ஒரு மென்பொருள் கம்பெனியும் கல்லூரியும் சேர்ந்து நடத்தியது. நகரத்தின் முக்கியமான சேவைகளைக் கணினித் தாக்குதலிலிருந்து காப்பது நோக்கம். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் கணினி அமைப்புக்கு ஒரு நகல் செய்து கல்லூரிக் கூடத்தில் வைத்தார்கள். பயிற்சி நாளில் ராணுவக் குழு அந்த நகலைத் தாக்கும், கம்பெனி ஆட்கள் தடுப்பார்கள், கல்லூரி மதிப்பெண் போடும். மாலை வகுப்பு மாணவர்களாகிய நாங்கள் அதற்கு முன்பே நகலைச் சோதித்து, குறை கண்டால் சிவப்புப் படிவத்தில் எழுத வேண்டும். சிவப்புப் படிவத்துக்கு ஒரு விதி உண்டு. குறையைக் கண்டவர் கையெழுத்துப் போட்டால்தான் அதை மூட முடியும். ஒரு படிவம் மூடாமல் இருந்தாலும் பயிற்சி நடக்கக் கூடாது.

என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த அக்கா, அந்த அழைப்பு மையத்திலேயே பகலில் வேலை பார்ப்பவர். ஒரு நாள் நகலின் திரையைப் பார்த்துவிட்டு, "டேய், இது இன்னைக்கு நாலு மணிக்கு நான் எடுத்த கால். இது எப்படி இங்க வந்துச்சு?" என்றார். நகலில் பழைய தகவல் மட்டும்தான் இருக்க வேண்டும். நான் மூன்று மாலைகள் தேடினேன். அசலிலிருந்து தகவலை நகல் எடுக்கப் போட்ட இணைப்பைக் கம்பெனி துண்டிக்கவே இல்லை. நகலைத் தாக்கினால் அசலும் விழும்.

சிவப்புப் படிவம் எழுதினேன். இணைப்பு கம்பெனியுடையது, அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ராணுவ அலுவலகம் எழுதியது. கல்லூரி உறுதி செய்யாத குறையைத் தொட ஒப்பந்தத்தில் இடமில்லை என்று கம்பெனி எழுதியது. உறுதி செய்ய அசலைத் தொட வேண்டும், அதற்கு ராணுவ அனுமதி வேண்டும் என்றார் எங்கள் வாத்தியார். இப்படியே பதினொரு வாரம். நடுவில் இரண்டு முறை படிவம் திரும்பி வந்தது. முதல் முறை, மை நீலமாக இருந்ததால். இரண்டாம் முறை, பாதிப்பு மதிப்பீடு இல்லாததால்.

"எத்தனை பேருக்குப் பாதிப்புன்னு ஒரு நம்பர் இல்லாம இது அறிக்கையே இல்லப்பா. வெறும் கதை" என்றார் வாத்தியார்.

அதனால் படிவத்தில் ஏழாம் பக்கத்தைச் சேர்த்தேன். அமைப்பு விழுந்தால் மீட்க நாற்பது நிமிடம் ஆகும் என்பது கம்பெனியே சொன்ன கணக்கு. வார நாளில் காலை பத்து மணிக்கு மேல் வரும் அழைப்புகளில், நாற்பது நிமிடம் வண்டி வராவிட்டால் பிழைக்க மாட்டாதவர்கள் எத்தனை பேர் என்று அக்காவின் உதவியோடு கணக்கிட்டேன். நான்கு முறை போட்டேன். மூன்று, இரண்டு, மூன்று, மூன்று. மூன்று என்று எழுதினேன்.

அடுத்த கூட்டத்தில் கம்பெனி இன்ஜினியர் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "மூணு பேராம்ப்பா. மூணே காலுன்னு போடாம விட்டானே, அதுவரைக்கும் சந்தோஷம்." கூடமே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் ஐந்தாம் முறை கணக்குப் போட்டேன். மூன்றுதான்.

பயிற்சிக்கு முந்தின நாள் மாலை, இடைவேளையில் பயிற்சியை நடத்தும் ராணுவக் கேப்டன் என்னை அழைத்தார். அதுவரை அவர் என்னிடம் நேராகப் பேசியதில்லை.

"தம்பி, உன் பேர்ல ஒரு சிவப்புப் படிவம் மூடாம கிடக்கு. இத்தனை வாரமா இது என் மேசைக்கே வரல, தப்பு எங்க மேலதான். இப்பதான் முழுசா படிச்சேன். அந்த இணைப்பு இன்னும் இருக்கா? இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு, நாளைக்கு நடக்கறத நிறுத்திடறேன்."

இணைப்பு இருந்தது. பத்து நிமிடம் முன்பு பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்திருந்தேன்.

நான் யோசித்ததை அப்படியே சொல்கிறேன், மேடம். இருக்கிறது என்று சொன்னால் நிறுத்துவார். கம்பெனி ஐந்து நிமிடத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். பிறகு குறை என்று ஒன்று இருந்ததற்குச் சாட்சியே இருக்காது. ஏழாம் பக்கம் சரியா தவறா என்பது யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பதினொரு வார உழைப்பு கடைசியில் ஒரு சந்தேகமாகவே முடிந்துபோகும்.

"இல்ல சார். நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன். இப்பவே மூடிடறேன்."

"நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

அந்த வார்த்தையை நான் அதற்கு முன் யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். கறுப்பு மைதான்.

வகுப்பு முடிந்ததும் அக்காவிடம் ஒரு புது நோட்டைக் கொடுத்தேன். நேரம், எண், முகவரி என்று கட்டம் போட்டு வைத்திருந்தேன். நாளைக்கு ஏதாவது அழைப்பு தவறினால் கையால் எழுதி வையுங்கள், வகுப்புக்கு உதவும் என்றேன்.

"ஏன், அந்த இணைப்ப வெட்டிட்டாங்கல்ல?"

"வெட்டிட்டாங்கக்கா."

"அப்பாடா. உன் தொல்ல தாங்காமலாவது வெட்டினாங்களே." நோட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் கிடங்கில் விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனேன். பத்து மணிக்குத் தொடங்கியது. பத்து பன்னிரண்டுக்கு நகல் விழுந்தது. ராணுவக் குழு கைதட்டியது. கம்பெனிக்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்கள். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே எனக்கு இடம் கிடைத்திருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று என் கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டேன். பத்து இருபத்தொன்பதுக்குக் கேப்டனின் கைப்பேசி ஒலித்தது. பேசி முடித்துவிட்டு அவர் வேறு யாரையும் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார்.

ஏன் அப்போதே எழுந்து சொல்லவில்லை என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். இணைப்பு எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் நான்தானே என்றீர்கள். உண்மை. ஆனால் என் மதிப்பீடு நாற்பது நிமிடத்துக்கானது. பாதியில் நிறுத்தினால் எதையும் ஒப்பிட முடியாது. கம்பெனி இன்ஜினியர் வியர்த்துக் கொட்டியபடி தானே அதைக் கண்டுபிடித்து மீட்டபோது மணி பத்து ஐம்பது. முப்பத்தெட்டு நிமிடம். இரண்டு நிமிடம் குறைந்துவிட்டது.

அக்காவின் நோட்டில் பத்தொன்பது வரிகள் இருக்கின்றன. திரை இருண்டுபோனதால் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரே எண் நான்கு முறை வருகிறது. நான்காவது முறை முகவரிக் கட்டத்தில் அவர் எதுவும் எழுதவில்லை. நோட்டைத் தர கல்லூரிக்கு வந்தபோது, "வெட்டிட்டாங்கன்னு நீதானடா சொன்ன" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நோட்டில் அவர் போட்ட கூட்டலில் ஒரு பிழை இருந்தது. பென்சிலால் திருத்தியிருக்கிறேன், அது என் கையெழுத்து.

பயிற்சிக்கு மறுநாள் இணைப்பை நிரந்தரமாகத் துண்டித்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லையாம். நான் எதிர்பார்த்ததுதான்.

பொய் சொன்னது நான். படிவத்தை மூடியது நான். பதினேழு நிமிடம் யாருக்கும் தெரியாதபோது தெரிந்தும் உட்கார்ந்திருந்தது நான், பிறகு இருபத்தொரு நிமிடம் எல்லோரும் ஓடியபோதும் வாய் திறக்காமல் இருந்தது நான். இதில் எதையும் மறுக்கவில்லை. ராணுவத்திலோ கம்பெனியிலோ கல்லூரியிலோ யாராவது ஒருவர் அந்தப் படிவத்தை முன்பே ஒழுங்காகப் படித்திருந்தால் இது நடந்திருக்காது என்பதையும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறந்தவர்கள் இரண்டு பேர். மூன்றாமவர் இன்னும் தீவிர சிகிச்சையில் இருக்கிறார். தினமும் காலையில் அவர் எப்படி இருக்கிறார் என்று காவலரிடம் விசாரிக்கிறேன். எனக்கு மனசாட்சி உறுத்துகிறது என்று காவலர் நினைக்கிறார். நேற்று, "கவலப்படாதப்பா, கண்ணத் தொறந்துட்டாராம், பொழச்சிருவாரு" என்று தோளைத் தட்டினார். சந்தோஷமான செய்திதான். காவலரிடம் ஒரு காகிதம் கேட்டு வாங்கி, அவர் வெளியே போன பிறகு ஆறாம் முறை கணக்குப் போட்டேன்.

மூன்றுதான் வருகிறது, மேடம்.