இர்மா தளர்த்திய திருகு

சைக்கிள் கழுவ வெந்நீரும் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் போதும், ஐயா. கடையில் விற்கிற திரவமெல்லாம் வீண் செலவு. எங்கள் ஃபிளாண்டர்ஸ் வட்டாரத்துச் சேறு சங்கிலியைத் தின்றுவிடும் என்பதால், என் கணவர் ஓடீலின் சைக்கிளைச் சனிக்கிழமைதோறும் நானே கழுவினேன். "என் இர்மா மாதிரி பொண்டாட்டி யாருக்குடா கிடைப்பா?" என்று சைக்கிள் கிளப்பில் பீற்றிக்கொள்வாராம்.

ஞாயிறு காலை கிளப்போடு கிளம்பினால் மதியம் தாண்டித்தான் வருவார், பீர் வாடையோடு. கோழி வறண்டு, ஆப்பிள் கூழ் ஆறிப்போயிருக்கும். எனக்கு அந்த சைக்கிள்மேல் பொறாமைதான், மறைப்பானேன். ஆனால் நான் சண்டை போடுகிறவள் இல்லை. பின்சக்கரத்தருகே, கியர் கம்பி போய்ச் சேருமிடத்தில், விரலாலேயே திருகக்கூடிய சின்னத் திருகு ஒன்று உண்டு. அதில் என் கை பட்டதா என்று கேட்டீர்கள். பட்டது. கழுவி முடித்ததும் அரைச் சுற்று தளர்த்துவேன்.

கியர் தானாக மாறத் தொடங்கியது. சமதரையில் ஒன்றும் தெரியாது. கல் பாவிய மேட்டில் எழுந்து நின்று மிதித்தால்தான் சங்கிலி தாவும். மெக்கானிக் ஃபிர்மின் வாராவாரம் சரிசெய்து கொடுப்பார். சனிக்கிழமை நான் கழுவுவேன்.

"யோவ் ஓடீல், கியருக்கு ஒண்ணுமில்ல. உன் முழங்காலுக்குத்தான் எண்ணெய் போடணும்," என்றாராம் ஃபிர்மின். கிளப்பே சிரித்ததாம்.

அன்று ஓடீல் சூப்பைத் தொடவில்லை. "எனக்கு வயசாயிடுச்சா, இர்மா?"

"ஆமாங்க. இனிமே ஞாயித்துக்கிழமை வீட்லயே இருங்களேன்."

எவ்வளவு பக்குவமாகச் சொன்னேன் பாருங்கள். அவர் கேட்கவில்லை. அரைச் சுற்றில் புரியாதவருக்கு அடுத்த சனிக்கிழமை முழுச் சுற்று தளர்த்தினேன். ஃபிர்மினுக்குக் காட்டவேண்டுமென்று மேட்டில் எழுந்து முழு பலத்தோடு மிதித்திருக்கிறார். சங்கிலி தாவியது. கைப்பிடிக்கு மேலாகப் பறந்துபோய்க் கல்லில் விழுந்தார். முதுகெலும்பு போயிற்று, பேச்சும் போயிற்று.

தன் வேலையில்தான் பிசகு என்று நினைத்து ஃபிர்மின் கடையை மூடிவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் ஓய்வு தேவைதானே.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோழி சூடாக இருக்கிறது. நான் ஊட்டுகிறேன், அவர் சாப்பிடுகிறார். கிளப் ஆட்கள் எங்கள் தெருவழியாக மிதித்துப் போகும்போது மட்டும் அவர் கண்ணில் நீர் வழிகிறது. வெளிச்சம் கூசுகிறது போலும். அந்த நேரத்தில் திரையை இழுத்து மூடிவிடுகிறேன்.